தானாக மாறும் வெளிச்சம்

மாசிலாமணியின் மனுவை பிலோமினா மறுத்த பன்னிரண்டாம் நாள் அவர் இறந்துபோனார். அவளுக்கு அது ஐந்து வாரம் கழித்துத்தான் தெரியவந்தது. ஒரு புதன்கிழமை காலையில், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவருடைய மனைவி வந்து உட்கார்ந்து சொன்னபோது.

திருச்சியில் கோடை ஐம்பது டிகிரியைத் தொட ஆரம்பித்து அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது. பங்குனி முடிவிலிருந்து ஆடி வரை தரைக்கு மேலே வாழ்வது எல்லோராலும் முடிகிற காரியமாக இல்லை. ஊருக்கு வெளியே, மண்ணுக்கு நாற்பது அடி கீழே, அரசு குளிர்க் குடியிருப்புகளைக் கட்டியிருந்தது. ஜனங்கள் அதைக் கீழ்வீடு என்றார்கள். யாருக்குக் கீழ்வீட்டில் இடம் என்பதை முதலில் ஒரு கணினி முடிவு செய்யும். அது தள்ளிவிட்டவர்கள் மேல்முறையீடு செய்யலாம். உயிர் சம்பந்தப்பட்ட மேல்முறையீட்டை மனிதர்தான் படிக்க வேண்டும், மனிதர்தான் முடிவெடுக்க வேண்டும் என்பது சட்டம். அந்த மனிதர்கள் இருபத்திரண்டு பேர். பரிசீலகர்கள். பிலோமினா அதில் ஒருத்தி.

மன்னார்புரத்தில் மூன்றாவது மாடியில் அலுவலகம். வெயில் உள்ளே வராமல் இருக்க ஜன்னல்களையெல்லாம் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு மேசை, ஒரு திரை. திரையில் மனுதாரரின் புகைப்படம், வீட்டின் படம், மருத்துவச் சீட்டு, அவர் கைப்பட எழுதிய ஒரு பக்கம். கீழே இரண்டு பொத்தான்கள்: ஏற்பு, மறுப்பு. ஒரு கோப்புக்கு எட்டு நிமிடம்.

திரை சில நேரம் வெள்ளையாக இருக்கும், எழுத்து கருப்பாக. சில நேரம் திரை கருப்பாகிவிடும், எழுத்து மங்கலான சாம்பலில் தெரியும். தானாக மாறும். வேலைக்குச் சேர்ந்த அன்று பயிற்சி கொடுத்தவர் சொன்னார்: "ரூம் வெளிச்சத்தையும் உங்க கண்ணு களைச்சிருக்கான்னும் பாத்து அதுவே மாத்திக்கும். நீங்க எதையும் தொட வேண்டாம்." எல்லோருக்கும் அது பிடித்திருந்தது. கண் வலிக்காமல் பார்த்துக்கொள்கிற அலுவலகம் வேறு எங்கே இருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள்.

புதன்கிழமை விளக்க நாள். மறுக்கப்பட்டவர்கள் நேரில் வந்து காரணம் கேட்கலாம். அன்று வந்தவளுக்கு முப்பது வயதிருக்கும். பெயர் சுகன்யா. பக்கத்தில் எட்டு ஒன்பது வயதில் ஒரு பெண் குழந்தை, கால் தரையில் எட்டாமல் உட்கார்ந்திருந்தது. சுகன்யா அழவில்லை. பையிலிருந்து இரண்டு கடிதங்களை எடுத்துக் கண்ணாடியில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்துக் காட்டினாள்.

"இது என் வீட்டுக்காரர் மாசிலாமணியோடது. இது ராயப்பன் அண்ணனோடது. ரெண்டு பேரும் ஒரே லாரிப் பட்டறையில வெல்டர். ரெண்டு பேருக்கும் கிட்னி போச்சு. ஒரே ஆஸ்பத்திரியில, ஒரே நாள்ல டயாலிசிஸ். அரியமங்கலத்துல எங்க வீடும் தகரம், அவங்க வீடும் தகரம். ரெண்டு மனுவையும் எழுதிக் குடுத்ததே நான்தான் மேடம். ஒரே மாதிரிதான் எழுதினேன்."

பிலோமினா கடிதங்களைப் பார்த்தாள். ஒன்றில் ஏற்பு. ஒன்றில் மறுப்பு. தேதி ஒன்றே. இரண்டிலும் அவளுடைய பரிசீலகர் எண்.

"அவருக்கு வந்துச்சு, இவருக்கு வரல. ராயப்பன் அண்ணன் கீழ போயிட்டாரு. இவரு சித்திரை இருபத்தொண்ணாம் தேதி மத்தியானம் போயிட்டாரு. நான் சண்ட போட வரல. என்ன வித்தியாசத்தப் பாத்தீங்கன்னு சொன்னீங்கன்னா போதும். நான் ஏதாவது எழுத விட்டுட்டேனான்னு யோசிச்சு யோசிச்சு எனக்குத் தூக்கமே வர மாட்டேங்குது."

பிலோமினா இரண்டு மனு எண்களையும் குறித்துக்கொண்டாள். "அடுத்த புதன்கிழமை வாங்க. பாத்துச் சொல்றேன்" என்றாள். பதினோரு வருடம் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் பதிவேடு எழுதியவள் அவள். நியாயமானவள் என்று பெயர் வாங்கித்தான் இந்த வேலைக்கு வந்தாள். அந்தப் பெயரை அவளே நம்பிக்கொண்டும் இருந்தாள்.

அன்று மதியம் இரண்டு கோப்புகளையும் திறந்து படித்தாள். சுகன்யா சொன்னது சரி. ராயப்பனுடைய கோப்பில் இருந்த ஒரு வரி கூட மாசிலாமணியின் கோப்பில் குறைவாக இல்லை. சொல்லப்போனால் மாசிலாமணியின் உடம்புதான் மோசம். ராயப்பனை ஏற்றது பதினொன்று பத்துக்கு. மாசிலாமணியை மறுத்தது பதினொன்று நாற்பதுக்கு. கோப்பின் அடியில், யாரும் பார்க்காத சின்ன எழுத்தில், அலுவலகக் குறிப்புகள் இருந்தன: படித்த நேரம், எந்தப் பக்கத்தில் எத்தனை நொடி, திரை. ராயப்பனுக்குத் திரை: வெள்ளை. படித்தது ஏழு நிமிடம். மாசிலாமணிக்குத் திரை: கருப்பு. படித்தது இரண்டு நிமிடம் பத்து நொடி. கைப்பட எழுதிய பக்கத்தை அவள் திறக்கவே இல்லை.

தான் மறுத்த கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். கருப்பு. கருப்பு. கருப்பு. நடுவில் ஒரு வெள்ளை. மறுபடி கருப்பு.

திரையின் மேலிருக்கும் கேமராவைப் பழுது பார்க்க நிவாஸ் என்றொருவன் வாரத்துக்கு ஒருமுறை வருவான். இந்த ஏற்பாட்டைச் செய்த நிறுவனத்தின் ஆள். மென்மையாகப் பேசுகிறவன். வெள்ளிக்கிழமை அவன் வந்து அவள் மேசைக்கு அடியில் அதன் வயரைப் பார்க்கக் குனிந்திருந்தபோது பிலோமினா கேட்டாள்.

"தம்பி, இது ரூம் வெளிச்சத்தப் பாத்துதான மாறுது?"

"ஆமா மேடம்."

"இங்க ஜன்னலே கிடையாது. லைட்டு காலையிலேர்ந்து சாயந்தரம் வரைக்கும் ஒரே மாதிரிதான் எரியுது. எந்த வெளிச்சத்தப் பாத்து மாறுது?"

நிவாஸ் உடனே எழுந்திருக்கவில்லை. கீழே இருந்தபடியே, "கண்ணு களைப்பையும் பாக்கும் மேடம்" என்றான்.

"ஹமீதா எனக்கு முன்னாடி சீட்டு. அவளுக்கும் எனக்கும் ஒரே நிமிஷத்துல கண்ணு களைச்சுப் போகுமா?"

அவன் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான். சுற்றிப் பார்த்தான். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

"ஆரம்பத்துல நெசமாவே கண்ணுக்காகத்தான் செஞ்சோம் மேடம். முதல் வருஷம் கணக்கெடுத்தப்ப ஒண்ணு தெரிஞ்சுது. வெள்ளைத் திரையில நீங்கல்லாம் பத்துக்கு ஆறு பேர ஏத்துக்கிறீங்க. கருப்புல பத்துக்கு ஒருத்தர். யாரு உக்காந்தாலும் அப்படித்தான். கருப்புல போட்டோ மங்கிடுது. கை எழுத்து படிக்கக் கஷ்டமா இருக்கு, அதனால யாரும் திறக்கிறதில்ல. மனசு சீக்கிரமா முடிச்சுடத்தான் பாக்குது."

"அப்புறம்?"

"அதத் தெரிஞ்சுகிட்டாங்க. ஒரு நாளைக்கு மேல்முறையீட்டுக்குன்னு நூத்தம்பது இடம். எத்தனை இடம் மிச்சம் இருக்குன்னு பாத்து இப்ப திரை மாறுது. இடம் இருந்தா வெள்ளை. இடம் குறைஞ்சா கருப்பு."

பிலோமினா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப நாங்க எதுக்கு இங்க உக்காந்திருக்கோம்?"

"மனுஷன்தான் முடிவெடுக்கணும்னு சட்டம் மேடம்" என்றான் நிவாஸ். குரலில் கேலி இல்லை. "உங்க கையை யாரும் பிடிச்சு அழுத்தலையே. நீங்கதான் அழுத்துனீங்க."

அவள் அதை முதலில் சொன்னது ஹமீதா பானுவிடம். முன் மேசைக்காரி, அவளைவிட ஏழு வயது இளையவள், கல்யாணத்துக்கு முன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவள். ஹமீதா தன் கோப்புகளைத் திறந்து பார்த்தாள். பிறகு எழுந்து கழிப்பறைக்குப் போனாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "வாங்கக்கா, போய்க் கேப்போம்" என்றாள்.

பிரிவின் தலைவி உமையாள். ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தது. இருவரையும் உட்காரச் சொன்னாள், தண்ணீர் வரவழைத்தாள், கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"நிவாஸ் சொன்னானா" என்றாள். "நல்ல பையன். சொல்லத்தான் செய்வான்."

"நீங்க இல்லன்னு சொல்லுவீங்கன்னு நெனச்சோம்" என்றாள் ஹமீதா.

"எதுக்குப் பொய் சொல்லணும்? இந்தக் கோடையில அறுபதாயிரம் மனு வரும். எங்கிட்ட இருக்கிறது ஒம்பதாயிரம் இடம். வெள்ளையிலேயே விட்டா நீங்க இருபத்திரண்டு பேரும் சேந்து முப்பத்தாறாயிரம் பேருக்கு சரின்னு சொல்லுவீங்க. நல்லவங்க நீங்க, அதனாலதான் உங்கள எடுத்தோம். மீதி இருபத்தேழாயிரம் பேர யாரு வாசல்ல நிறுத்தித் திருப்பி அனுப்புறது? போலீஸா? லத்தியா?"

"அதுக்காக எங்கள ஏமாத்தலாமா?"

"உங்ககிட்ட வந்து, இன்னைக்கு எண்ணூத்தம்பது பேர சாகச் சொல்லுங்கன்னு சொல்லியிருந்தா சொல்லியிருப்பீங்களா? ராத்திரி சோறு இறங்கியிருக்குமா? உங்க மனசாட்சி கெடாம இருக்கத்தான் இந்த ஏற்பாடு. உங்களுக்கு நான் செஞ்ச உபகாரம் அது."

பிலோமினா கேட்டாள்: "இடத்த ஏன் கூட்டல?"

உமையாள் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினாள். "அந்தக் கேள்வி என் திரையில வராதும்மா" என்றாள். பிறகு அதே குரலில், "உங்க வீட்டுக்காரருக்கு ஆஸ்துமா இல்ல? ஊழியர் குடும்பம்னு கீழ ஒரு இடம் கொடுத்திருக்கோம். அது சலுகைதான், உரிமை இல்ல. யோசிச்சு எதையும் செய்யுங்க" என்றாள்.

பிலோமினா யோசித்தாள். பாலக்கரை வீட்டில் கணவன் சேவியரிடம் சொன்னாள். அவர், "அந்தப் பொண்ணுக்கு என்ன பதில் சொல்லப் போற?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த புதன்கிழமை சுகன்யா வந்தபோது பிலோமினா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்படிச் செய்யக் கூடாது என்பது விதி. "நீங்க எதையும் எழுதாம விடல. நான் படிக்கல" என்று சொல்லி, எல்லாவற்றையும் சொன்னாள். சுகன்யா குழந்தையின் தலையைத் தன் மடியில் சாய்த்து அதன் காதைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டாள்.

"வெள்ளையா இருந்திருந்தா எடுத்திருப்பீங்களா?"

"எடுத்திருப்பேன்."

"இத கோர்ட்டுல சொல்லுவீங்களா மேடம்?"

"சொல்றேன்."

சொன்னாள். வழக்கு சுகன்யாவின் பெயரில் நடந்தது. ஹமீதாவும் சாட்சி சொன்னாள். நிவாஸ் வேலையை விட்டுவிட்டு வந்து கணக்குகளைக் கொடுத்தான். சேவியருக்கு இருந்த இடம் மறுவாரமே போனது. மிச்சக் கோடைக்கு அவர் ஏற்காட்டில் தங்கை வீட்டுக்குப் போனார். பிலோமினா பாலக்கரையில் ஈரப் போர்வையைச் சுற்றிக்கொண்டு தனியாகக் கிடந்தாள். மூத்திரம் ரத்தமாகப் போகிற அளவுக்கு ஒரு வாரம் உடம்பு கெட்டது. அவள் பின்வாங்கவில்லை.

கார்த்திகையில் தீர்ப்பு வந்தது. தானாகத் திரை மாறுவது சட்டவிரோதம். இனிமேல் ஒவ்வொரு காலையும் பரிசீலகர் தன் விருப்பப்படி வெள்ளையோ கருப்போ தேர்ந்தெடுக்க வேண்டும், அதில் யாரும் தலையிடக் கூடாது. இடங்களின் எண்ணிக்கையைப் பற்றி யாரும் வழக்குப் போடவில்லை, ஆகவே தீர்ப்பு அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நீதிமன்ற வாசலில் பத்திரிகைக்காரர்கள் படம் எடுத்தார்கள். சுகன்யாவின் பெண் இனியா, பிலோமினாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது.

அடுத்த பங்குனியில் வேலை தொடங்கிய முதல் நாள், இருபத்திரண்டு பேரும் வெள்ளையைத் தொட்டார்கள். ஒரு திருவிழா மாதிரி இருந்தது. யாரோ மிட்டாய் கொண்டுவந்திருந்தார்கள். உமையாள் தன் அறையிலிருந்து வெளியே வரவில்லை. யாரையும் தடுக்கவும் இல்லை. அந்த வாரம் ஏற்புக் கடிதங்கள் ஆயிரக்கணக்கில் போயின.

சுகன்யாவின் மனுவும் அந்த வாரம்தான் வந்தது. இனியாவுக்குப் பிறவியிலேயே இருதயத்தில் சின்னக் கோளாறு. பிலோமினா அதை முழு எட்டு நிமிடமும் படித்தாள். படிக்கத் தேவையே இல்லை, தெரிந்த கதைதான். ஆனாலும் ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டு ஏற்பு என்று அழுத்தினாள். வேலைக்கு வந்த நாளிலிருந்து அவ்வளவு நிம்மதி அவளுக்குக் கிடைத்ததில்லை.

இரண்டாவது வாரத்தில் ஓரத்து மேசைக்காரர் ஒருவர் கருப்புக்கு மாறினார். கண் எரிச்சல் என்றார். பிறகு இரண்டு பேர். பிறகு ஐந்து. யாரும் யாரையும் கேட்கவில்லை. காலையில் வந்து உட்காரும்போது மேசை மேசையாக வெளிச்சம் அணைவது தெரிந்தது. மூன்றாம் வாரம் செவ்வாய்க்கிழமை, முன் மேசையிலும் அணைந்தது.

சாப்பாட்டு நேரத்தில் பிலோமினா அவள் எதிரே போய் உட்கார்ந்தாள்.

"ஹமீதா, உனக்குமா?"

ஹமீதா டிபன் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தாள்.

"வெள்ளையில மூஞ்சி தெரியுதுக்கா. ஏத்துக்கிட்டவங்க மூஞ்சி மறந்து போகுது. பத்துக்கு நாலு பேர மறுத்தேன் பாருங்க, அவங்க மூஞ்சி மறக்க மாட்டேங்குது. வீட்டுல புள்ளைக்குச் சோறு ஊட்டும்போது வந்து நிக்குது. போன வருஷம் ரெண்டாயிரம் பேருக்கு மேல மறுத்திருக்கேன், ஒரு மூஞ்சி கூட ஞாபகம் இல்ல."

"அதுக்காகத்தான நாம கோர்ட்டுக்குப் போனோம்?"

"போன வருஷம் வேற யாரோ மாத்துனாங்க. கோபம் வந்துச்சு. இந்த வருஷம் நானே மாத்திக்கிறேன். வரல." சோற்றைப் பிசைந்தாள். "கண்ணுக்கு இதமா இருக்குக்கா. வேற என்ன சொல்ல."

சித்திரை பிறந்ததும் கீழ்வீட்டின் முதல் கதவு திறந்தது. அந்தத் தவணையில் மூவாயிரம் இடம். கையில் ஏற்புக் கடிதத்தோடு வந்தவர்கள் ஐயாயிரத்துக்கு மேல். வந்த வரிசைப்படி உள்ளே விடுவார்கள் என்றார்கள். விடியற்காலையில் வந்தவர்கள் இறங்கிப் போனார்கள். மதியம் பன்னிரண்டரைக்குக் கதவை மூடினார்கள். வெளியே நின்றவர்கள் கலைந்து போகவில்லை. எப்படிப் போவார்கள், கையில் அரசு முத்திரையோடு கடிதம் இருக்கிறதே. மறுபடி திறப்பார்கள் என்று நின்றார்கள். அங்கே நிழல் கிடையாது. சாயந்தரத்துக்குள் நாற்பத்தேழு பேர் விழுந்து இறந்தார்கள்.

பிலோமினாவுக்கு அந்தச் செய்தி எண்ணாகத்தான் வந்தது. பெயர்கள் இல்லை. உமையாள் அன்று அவளைக் கூப்பிட்டு ஒன்றும் சொல்லவில்லை. கூப்பிட்டுத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. மறுநாள் அவள் வெள்ளையையே தொட்டாள். அதற்கு மறுநாளும். அந்தக் கூடத்தில் வெள்ளையாக இருந்த ஒரே திரை அவளுடையது. சிலர் கண் கூசுகிறது என்று அவள் பக்கம் ஒரு அட்டையை நிறுத்தி மறைத்துக்கொண்டார்கள்.

அந்தப் புதன்கிழமை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுகன்யா உட்கார்ந்திருந்தாள். தனியாக வந்திருந்தாள்.

"விளக்க நாள் மறுத்தவங்களுக்கு மட்டும்தானாம். எனக்கு ஏற்புன்னு இருக்கிறதால எந்த ரிஜிஸ்தர்ல எழுதுறதுன்னு வாசல்ல அந்தப் பையனுக்குத் தெரியல. மேடம் எனக்குத் தெரிஞ்சவங்கன்னு சொல்லி வந்தேன்" என்றாள்.

பிலோமினா அவளுடைய வெறும் மடியைப் பார்த்தாள். கேட்கும் முன்பே தெரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்டாள். "இனியா?"

"வாசல்லயே. நாங்க பத்து மணிக்கு வந்து சேந்தோம். கதவ மூடும்போது எங்களுக்கு முன்னாடி நூறு பேருதான் இருந்தாங்க. கதவு மூடினப்பறம் தண்ணி கேட்டா, குடுத்தேன். அப்புறம் கேக்கல. தூங்குறான்னு நெனச்சேன்."

பிலோமினா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க அழாதீங்க மேடம். உங்கள ஒண்ணும் சொல்ல வரல. ஒரே ஒரு விஷயம் கேக்கணும், அதுக்குத்தான் வந்தேன்." சுகன்யா கைப்பையிலிருந்து மடித்த ஒரு சீட்டை எடுத்தாள். வால்பாறைக்குப் போகிற பேருந்தின் முன்பதிவுச் சீட்டு. இரண்டு பேருக்கு. "வால்பாறையில எங்க சித்தி இருக்காங்க. தேயிலைத் தோட்டத்து லைன் வீடு. இடிபாடா இருக்கும், ஆனா குளிரும். பங்குனி இருபத்தெட்டாம் தேதிக்கு டிக்கெட் போட்டிருந்தேன். மனு சும்மா ஒண்ணு போட்டு வைப்போம்னு போட்டது. மறுத்துருவாங்கன்னுதான் நெனச்சேன். இருபத்தேழாம் தேதி உங்க கடுதாசி வந்துச்சு. உங்க நம்பரப் பாத்தேன். மேடமே படிச்சு, மேடமே எடுத்துருக்காங்கன்னு போகாம இருந்துட்டேன்."

அவள் சீட்டைக் கண்ணாடிமேல் வைத்தாள், போன வருடம் கடிதங்களை வைத்தது போல அழுத்தாமல், லேசாக.

"இத்தனை பேருக்கு இடம் இல்லன்னு உங்களுக்குத் தெரியுமா மேடம்? கையெழுத்துப் போடும்போது தெரியுமா?"

பிலோமினாவால் பொய் சொல்லியிருக்க முடியும். உமையாளின் அறையில் உட்கார்ந்து அறுபதாயிரத்தையும் ஒன்பதாயிரத்தையும் கேட்டவள் அவள். அந்த வாரம் பொத்தானை அழுத்த அழுத்த அது மனதின் ஓரத்தில் இருந்துகொண்டேதான் இருந்தது. மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தாள். எப்படியாவது இடத்தைக் கூட்டிவிடுவார்கள் என்று நினைத்தாள். உண்மையில், அந்த நிம்மதியைத் தவிர வேறு எதையும் அவள் நினைக்கவில்லை.

"தெரியும்" என்றாள்.

சுகன்யா தலையை ஆட்டினாள். நீண்ட நாளாகத் தேடிய ஒரு வித்தியாசம் இப்போது புரிந்துவிட்டது போல.

"மறுத்திருந்தீங்கன்னா நாங்க போயிருப்போம்" என்றாள். கோபமில்லாமல், ஒரு தகவலைச் சொல்வது மாதிரி சொன்னாள். பிறகு எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு, "வர்றேன் மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். சீட்டு கண்ணாடிக்குக் கீழே பலகையில் கிடந்தது, அவள் எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்து வந்தவர் அதை ஒதுக்கித் தள்ளிவிட்டு உட்கார்ந்தார்.

பிலோமினா அன்று மிச்சமிருந்த பதினான்கு பேருக்கும் விளக்கம் சொன்னாள். என்ன சொன்னாள் என்று நினைவில்லை. வீட்டுக்குப் போய், இந்தக் கோடையிலும் ஏற்காட்டில் இருந்த சேவியரிடம் போனில் உடம்பு நன்றாக இருக்கிறது என்றாள்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் மேசையில் உட்கார்ந்தாள். நீதிமன்ற உத்தரவின்படி திரை கேட்டது: இன்று உங்களுக்கு எந்த வெளிச்சம் வேண்டும்? கீழே இரண்டு கட்டங்கள். முன் மேசையிலிருந்து ஹமீதா திரும்பிப் பார்த்தாள். பார்க்காதது போல மறுபடி திரும்பிக்கொண்டாள்.

பிலோமினா கருப்பைத் தொட்டாள்.

கூடத்தின் கடைசி வெளிச்சம் அணைந்தது. சிலர் நிறுத்தி வைத்திருந்த அட்டையை எடுத்து மேசைக்கு அடியில் வைத்தார்கள். முதல் கோப்பு வந்தது. ஒரு புகைப்படம், ஆணா பெண்ணா என்று சட்டென்று தெரியவில்லை. சாம்பல் எழுத்தில் ஏதோ ஒரு நோய். கைப்பட எழுதிய பக்கத்தின்மேல் அவள் விரல் ஒரு நொடி நின்றது, பிறகு நகர்ந்தது.

மதியத்துக்குள் அறுபத்தொரு கோப்புகள் முடிந்தன. அந்தக் கூடத்தில் அன்று அவள்தான் முதல். அதில் குழந்தைகள் எத்தனை பேர் என்று அவளுக்குத் தெரியாது.